ஒரு மருந்தின் காப்புரிமை எப்போது முடிகிறது என்று பார்ப்பது எப்படி?

ஒரு மாத்திரைக்கு ஒரே ஒரு காப்புரிமைதான் இருக்கும் என்று நினைத்துத் தேடினால் தேதி தவறிவிடும். மூலக்கூறுக்கு ஒன்று, அதன் உப்பு வடிவத்துக்கு ஒன்று, படிக வடிவத்துக்கு ஒன்று, எந்த நோய்க்குக் கொடுப்பது என்பதற்கு இன்னொன்று என அடுக்கடுக்காக வாங்கி வைத்திருப்பார்கள். இவற்றில் எது ஜெனரிக்கை, அதாவது மற்ற நிறுவனங்கள் தயாரிக்கும் அதே மருந்தை, உண்மையிலேயே தடுக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

பிராண்ட் பெயரை விட்டுவிட்டு, மருந்தின் மூலப்பெயரை உப்போடு சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் மருந்துப் பட்டியல், ஆரஞ்சு புக், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் பெயரைப் போட்டுத் தேடி, மூல நிறுவனத்தின் விண்ணப்ப எண்ணைச் சொடுக்கினால் காப்புரிமைகளும் முடிவுத் தேதிகளும் வரும். உயிரணுக்களைக் கொண்டு தயாரிக்கும் உயிரியல் மருந்துகள் இதில் இருக்காது; அவற்றுக்கான எஃப்டிஏ பட்டியலான பர்ப்பிள் புக்கில் தேட வேண்டும். இன்சுலினும் 2020 மார்ச் முதல் அந்தப் பக்கம் போய்விட்டது.

பட்டியலில் கடைசித் தேதியைப் பார்த்துவிட்டு நிறுத்துவதுதான் வழக்கமான தவறு. 'டிஎஸ்' குறி இருந்தால் மருந்துப் பொருளுக்கான காப்புரிமை, 'டிபி' என்றால் மாத்திரை, ஊசி போன்ற தயாரிப்பு வடிவத்துக்கானது, 'யூ' என்று தொடங்கும் எண் பயன்பாட்டுக்கானது. 'டிஎஸ்' குறியிலும் படிக வடிவக் காப்புரிமை ஒளிந்திருக்கும் என்பதால், எண்ணை எடுத்து கூகுள் பேட்டன்ட்ஸில் முதல் கோரிக்கையை (எதற்கு உரிமை கேட்கிறார்கள் என்று சொல்லும் 'கிளெய்ம்') படியுங்கள். மூலக்கூறையே கோருகிறதென்றால் அதைச் சுற்றிப்போக வழியில்லை. படிக வடிவத்தை மட்டும் கோரினால் வேறு வடிவத்தில் தயாரிக்கலாம். பயன்பாட்டுக் காப்புரிமை என்றால் அந்த நோயை மட்டும் லேபிளிலிருந்து நீக்கிவிட்டு ஜெனரிக் வரலாம். ஆனால் கார்வெடிலால் என்ற இதய மருந்தின் வழக்கில், அப்படி நீக்கியும் ஜெனரிக் நிறுவனம் காப்புரிமையை மீறியதாக அமெரிக்காவில் தீர்ப்பானதால் அந்த வழியும் அவ்வளவு பாதுகாப்பானதல்ல. தயாரிப்பு முறைக்கான காப்புரிமைகள் ஆரஞ்சு புக்கில் இடம்பெறாது. பட்டியலில் இல்லாததால் தடையே இல்லை என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.

அடுத்து கணக்கு. காப்புரிமை 20 ஆண்டுகள், அதுவும் விண்ணப்பித்த நாளிலிருந்து. வழங்கிய நாளிலிருந்து கூட்டினால் பல ஆண்டுகள் பிசகும். ஒரு விண்ணப்பத்திலிருந்து பிரித்துப் போடும் பிரிவு விண்ணப்பங்களுக்கும் தாய் விண்ணப்பத்தின் தேதிதான். இதற்கு மேல் நீட்டிப்பு நாட்டுக்கு நாடு மாறும். 2005இல் விண்ணப்பித்து 2015இல் அனுமதி பெற்ற மருந்து என்று வைத்துக்கொள்வோம்; சாதாரணமாக 2025இல் முடிய வேண்டும். அமெரிக்காவில் 5 ஆண்டுவரை நீட்டலாம், ஆனால் அனுமதியிலிருந்து 14 ஆண்டைத் தாண்டக் கூடாது, ஆக அதிகபட்சம் 2029. ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்த வரம்பு 15 ஆண்டு, 2030. குழந்தைகளுக்கான ஆய்வு செய்திருந்தால் இரண்டு இடங்களிலும் இன்னும் 6 மாதம். இந்தியாவில் நீட்டிப்பே கிடையாது, 2025தான்.

காப்புரிமை இல்லாமலேயே ஜெனரிக்கை நிறுத்தும் இன்னொரு பூட்டு, மருந்துக்கு அனுமதியோடு கிடைக்கும் தரவு, சந்தைப் பாதுகாப்புக் காலம். அமெரிக்காவில் புதிய மூலக்கூறுக்கு 5 ஆண்டு, அரிய நோய் மருந்துக்கு 7, உயிரியல் மருந்துக்கு 12. உயிரியல் மருந்துக்கானதை பர்ப்பிள் புக்கில் பாருங்கள்; மற்றவை ஆரஞ்சு புக்கில் காப்புரிமைப் பட்டியலுக்குக் கீழே தனி அட்டவணையாக இருக்கும். பலர் அதுவரை போவதில்லை.

மற்ற நாடுகளுக்கு, ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் இலவசத் தளமான எஸ்பாசெநெட்டில் அமெரிக்க எண்ணைப் போட்டு 'காப்புரிமைக் குடும்பம்', அதாவது அதே கண்டுபிடிப்புக்குப் பல நாடுகளில் போட்ட விண்ணப்பங்களை, பாருங்கள். ஒரு நாட்டின் எண் இருக்கிறது என்பதால் அங்கே காப்புரிமை உயிரோடு இருக்கிறது என்று அர்த்தமில்லை. நிராகரிக்கப்பட்டிருக்கலாம், புதுப்பிப்புக் கட்டணம் கட்டாமல் செத்திருக்கலாம். தெரிந்த பொருளின் புதிய வடிவம் கூடுதல் பலன் தராவிட்டால் காப்புரிமை இல்லை என்னும் இந்தியக் காப்புரிமைச் சட்டப் பிரிவு 3(டி) காரணமாகவே புதிய உப்பும் படிக வடிவமும் பல முறை விழுந்திருக்கின்றன; புற்றுநோய் மருந்தான கிளீவெக்கின் படிக வடிவத்தை உச்ச நீதிமன்றம் 2013இல் மறுத்தது இதன்படிதான். அந்தந்த நாட்டுக் காப்புரிமை அலுவலகப் பதிவேட்டில் சட்ட நிலையைப் பார்த்தே எழுதுங்கள். வளரும் நாடுகளுக்கு மெட்ஸ்பால் தளம் உரிம ஒப்பந்தங்களையும் சேர்த்துக் காட்டுவதால் வேலை குறையும்.

எல்லாம் பார்த்தும் தேதி பொருந்தாமல் போகலாம். மூட்டுவாத மருந்தான ஹுமிராவின் அடிப்படைக் காப்புரிமை அமெரிக்காவில் 2016இல் முடிந்தும், போட்டி மருந்து கடைக்கு வந்தது 2023இல். பின்னால் குவிந்த காப்புரிமைகளும் சமரச ஒப்பந்தங்களும் காரணம். இப்படிப்பட்ட ஒப்பந்தத் தேதிகளை எந்தக் காப்புரிமைத் தளமும் சொல்லாது. அமெரிக்கப் பங்குச்சந்தையில் பட்டியலிட்ட அமெரிக்க நிறுவனமென்றால் அதன் 10-கே ஆண்டறிக்கையில் 'காப்புரிமை' பகுதியையும் 'வழக்குகள்' பகுதியையும் தேடுங்கள்.