மடாதிபதியும் காலிச்சட்டியும்: லினோகட் கேலிச்சித்திரம் செதுக்கும் முறை

லினோலியத் துண்டை உளியால் செதுக்கி, செதுக்காத மேட்டில் மை தடவித் தாளில் அச்செடுப்பது லினோகட். போர்க்காலப் பஞ்சத்தைக் கேலியாக்க அது தோதானது: கறுப்பு, வெள்ளை, அவ்வளவுதான். 1811–12 மாட்ரிட் பஞ்சத்தை ஸ்பானிய ஓவியர் கோயா செப்புத் தகட்டில் காட்டினார். அதற்கு அமிலமும் அச்சு எந்திரமும் வேண்டும். லினோவில் அச்செடுக்க ஒரு மரக்கரண்டி போதும்.

காலத்தை 1943 என்று வையுங்கள். முந்தைய ஆண்டு பர்மா ஜப்பானியரிடம் விழ, அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோனது. தஞ்சைப் பக்கம் மடங்களுக்கோ நிலம் ஏராளம்.

20×30 செ.மீ. துண்டில் மூன்றில் இரண்டு பங்கை மடாதிபதிக்கே கொடுங்கள். வயிறு முழுக் கறுப்பு. ருத்திராட்ச மணிகளை மட்டும் வெட்டி வெள்ளையாக்குங்கள். பின்னால் நெற்குதிர். கீழ் மூலையில் சட்டியோடு ஒரு தாய். கேலி மடாதிபதிக்கு மட்டுமே; பசித்தவளையும் கோணலாக வரைந்தால் சிரிப்பு அவள்மேல் விழும். எந்த மடம் என்று அடையாளம் தெரியவும் வேண்டாம்.

எழுத்து இருந்தால் இடவலம் மாற்றித்தான் வரைய வேண்டும். லினோவைப் பத்து நிமிடம் வெயிலில் வைத்தால் இளகும். தாயின் விலா எலும்புக்கு வி-உளி, ஆழம் 1 மி.மீ. கோட்டின் பக்கவாட்டைச் சரிவாக விடுங்கள். அடியில் குடைந்தால் அழுத்தும்போது கோடு உடையும். பிடிக்கும் கை எப்போதும் உளிக்குப் பின்னால்.

உருளையில் மை மெலிதாகச் சரசரக்க வேண்டும். சளசளத்தால் அதிகம், முதலில் அடைபடுவது விலா எலும்புகள்தான். மெல்லிய தாளை வைத்து, கரண்டி முதுகால் நடுவிலிருந்து வெளியே தேயுங்கள். ஐப்பசி ஈரத்தில் எண்ணெய் மை காயப் பல நாளாகும். அடுக்காமல் கொடியில் தொங்கவிடுங்கள்.