தண்டவாளப் பரிசோதனை ரெக்கார்டு: புதியவர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒரு தமிழ்ப் பையனோடு ஹைரெயில் வண்டியில் (தண்டவாளத்தின் மேலும் ஓடக்கூடிய வண்டி) தடம் பரிசோதிக்கப் போனேன். நாள் முழுக்க நன்றாகப் பார்த்தான், இறங்கி அளந்தான். சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும், "ரெக்கார்டை நாளைக்குக் காலையில எழுதிக்கிறேன் அண்ணா" என்றான். அமெரிக்காவில் இந்த வேலைக்கு வந்த புதிதில் நானும் அதையேதான் சொன்னேன்.

கையெழுத்தை மறப்பது, தேதியை மாற்றிப் போடுவது எல்லாம் சூப்பர்வைசர் பார்வையிலேயே மாட்டிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

குறையை எழுதிவிட்டு, செய்ததை எழுதாமல் விடுவது

இதை இன்றும் யாராவது செய்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. ஏனென்றால் நான் அடிபட்டது இதில்தான்.

சரக்கு ரயில் மட்டும் ஓடும் நான்காம் வகுப்புத் தடம் அது (வகுப்பு கூடக் கூட அனுமதிக்கும் வேகமும் கூடும்). மணிக்கு 60 மைல் வரை போகலாம். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே இருக்க வேண்டிய கேஜ் 56½ அங்குலம். இந்த வகுப்பில் 57½ வரை விடுவார்கள். ஒரு வளைவில் கேஜ் கம்பியை வைத்துப் பார்த்தால் 57⅝. அரைக்கால் (⅛) அங்குலம் கூடுதல். தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் ஆணிகளான ஸ்பைக்குகள் மேலே எழும்பியிருந்தன. தண்டவாளத்துக்கும் கட்டைக்கும் நடுவே இருக்கும் இரும்புத் தகடான டை பிளேட் வெளிப்பக்கம் நகர்ந்து மரக்கட்டையைத் தேய்த்த இடம் புதுசாக, வெளிறித் தெரிந்தது.

உடனே ரயில் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் டிஸ்பாட்சரைக் கூப்பிட்டு 40 மைலுக்கு ஸ்லோ ஆர்டர் (வேகக் கட்டுப்பாடு) போட்டேன். அது மூன்றாம் வகுப்பு வேகம். அந்த வகுப்பில் 57¾ வரை இடமுண்டு என்பதால், தடம் அப்போதே விதிக்குள் வந்துவிட்டது. செய்த வேலை சரி. ரெக்கார்டில் மட்டும் "கேஜ் அகலம், 57⅝" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

சில வாரம் கழித்து ஃபெடரல் இன்ஸ்பெக்டர் வந்தார். அதற்குள் கட்டைகளை மாற்றி ஸ்லோ ஆர்டரையும் எடுத்தாயிற்று. பழைய ரெக்கார்டுகளைப் புரட்டியவர் அந்த வரியில் விரலை வைத்து, "இதற்கு என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். "தாளில் எங்கே இருக்கிறது?" என்றார்.

ஃபெடரல் தடப் பாதுகாப்பு விதிகளின் 213ஆம் பகுதிப்படி, குறை தெரிந்த பிறகு சரிசெய்ய வேண்டும், அல்லது ரயிலை நிறுத்த வேண்டும், அல்லது அனுமதிக்கப்பட்ட கட்டுப்பாட்டோடு ஓட்ட வேண்டும். குறையை எழுதி நடவடிக்கையை எழுதாத தாள், தெரிந்தே முழு வேகத்தில் ரயிலை விட்டோம் என்று நம் கையெழுத்தோடு சாட்சி சொல்கிறது. டிஸ்பாட்சர் பதிவைத் தேடி எடுத்துக் காட்டியதால் கேஜ் விஷயம் தப்பித்தது. அரைகுறை ரெக்கார்டுக்காக இன்ஸ்பெக்டர் மீறல் அறிக்கை எழுதியேவிட்டார்.

இப்போது நான் எழுதும் வரி இப்படி இருக்கும்: மைல் போஸ்ட், தடம் எண், கேஜ் 57⅝, 40 மைல் ஸ்லோ ஆர்டர், போட்ட நேரம். அதிகம் போனால் ஒரு நிமிட வேலை.

மறுநாள் எழுதுவது

அன்றைக்கே எழுதுங்கள். விதியிலேயே (213.241) அப்படித்தான் இருக்கிறது.

"இரண்டு தடமும் பார்த்தேன்"

ஒருவரே வண்டியில் போய் இரண்டு தடங்களைப் பார்க்கலாம்தான். ஆனால் பக்கத்துத் தடத்தின் மையம் 30 அடிக்குள் இருக்க வேண்டும், நடுவே பார்வையை எதுவும் மறைக்கக் கூடாது. சைடிங்கில் (பக்கத்துக் கிளைத் தடத்தில்) சரக்குப் பெட்டிகள் நின்றிருந்தால் அதற்கு அப்பால் இருப்பதை நீங்கள் பார்க்கவில்லை, பார்த்ததாக எழுதாதீர்கள். எந்தத் தடத்தின் மேல் வண்டி ஓடியது என்பதையும் எழுத வேண்டும். மெயின் தடம் ஒவ்வொன்றின் மேலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது ஓட்டியோ நடந்தோ பார்த்தாக வேண்டும் என்பதால், அதைச் சரிபார்க்க இந்த வரிதான் உதவும்.

திங்களும் செவ்வாயும்

வாரம் இருமுறை பரிசோதனை என்றால் அடுத்தடுத்த நாளில் பார்த்து முடிக்க முடியாது, நடுவில் ஒரு நாளாவது இடைவெளி வேண்டும்.

பதில் படிவத்தில் "சரி செய்தாயிற்று"

அபராதத்துக்குப் பரிந்துரைக்கப் போவதாக இன்ஸ்பெக்டர் தெரிவித்தால், ரயில்ரோடு எடுத்த நடவடிக்கையைத் திருப்பி எழுதி அனுப்ப வேண்டும். அறிவிப்பு வந்த மாதம் முடிந்து 30 நாள் கெடு. மார்ச் 5இல் வந்தால் ஏப்ரல் 30. "சரி செய்தாயிற்று" என்று ஒற்றை வரியில் முடிக்காமல், கட்டை மாற்றினீர்களா, புது ஸ்பைக் அடித்தீர்களா, என்றைக்கு என்று எழுதுங்கள்.

வேலையையே இன்னும் தொடங்கவில்லை என்றால் எழுத எதுவுமில்லை என்று நினைத்துப் பலர் படிவத்தை அப்படியே வைத்துவிடுகிறார்கள். அப்போதும் கெடுவுக்குள் எழுதத்தான் வேண்டும்: தாமதத்துக்குக் காரணம் என்ன, எந்தத் தேதிக்குள் முடியும் என்று நீங்கள் நேர்மையாக நினைக்கிறீர்கள். வேலை முடிந்த பிறகு அதையும் தனியாகத் தெரிவிக்க வேண்டும்.