மூளை ஸ்கேன் தரவை மொத்தமாக இறக்க வேண்டாம்
ஆய்வாளர்கள் தங்கள் தரவை எல்லோருக்கும் இலவசமாகப் பகிரும் ஓப்பன்நியூரோ தளத்தில் இருக்கும் மூளை ஸ்கேன் தரவை மொத்தமாக இறக்காமல், டேட்டாலாட் மென்பொருள் வழியாக எடுங்கள். முதலில் கோப்புப் பெயர்களும் பங்கேற்றவர்களின் விவரப் பட்டியல் போன்ற சின்னக் கோப்புகளும்தான் வரும். படங்கள் நீங்கள் கேட்டால் மட்டுமே இறங்கும். ஒருவரின் டி1 படம் (மூளையின் அமைப்பைக் காட்டும் எம்ஆர்ஐ) பெரும்பாலும் 10 எம்பி பக்கம்தான். மூளை வேலை செய்வதைத் தொடர்ந்து படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐ என்றால் ஒரே ஆளுக்கே சில நூறு எம்பி போய்விடும். தர்மபுரி, பென்னாகரம் பக்கம் வீட்டில் போன் ஹாட்ஸ்பாட்டை நம்பி முதுகலை ப்ராஜெக்ட் செய்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம். ஒருவரின் படத்தை வைத்து நிரலைச் சரிபார்த்துவிட்டு, அப்புறம் மீதியைக் கல்லூரி வைஃபையில் எடுத்துக்கொள்ளலாம். எல்லோருடைய படமும் உடனே தேவை என்றால் இதில் லாபம் இல்லை. டேட்டாலாட் விண்டோஸில் கொஞ்சம் தகராறு செய்யும், லினக்ஸ் நல்லது.