பள்ளியில் மனநலத் திட்டம்: எங்கே சறுக்குகிறது?

உலக மனநல நாளான அக்டோபர் 10 வந்தால் பிரேயர் முடிந்த கையோடு மொத்தப் பள்ளியையும் மைதானத்தில் உட்காரவைத்து, வெளியிலிருந்து ஒரு டாக்டரை அழைத்து ஒரு மணி நேரம் பேசவைப்பார்கள். பேனர் முன் போட்டோ, அறிக்கையில் 'பயனடைந்தோர் 800'. அடுத்த வாரம் ஒரு பிள்ளைக்குச் சிக்கல் வந்தால் யாரிடம் போவது என்று அந்த 800 பேரில் ஒருவருக்கும் தெரியாது. ஆண்டுக்கு ஒரு பேச்சோடு நிறுத்துவதுதான் அதிகம் நடக்கும் தவறு.

அடுத்தது, எல்லாவற்றையும் ஆசிரியர் தலையில் கட்டுவது. பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் 'செஹர்' என்ற திட்டத்தை 70-க்கும் மேற்பட்ட அரசு உயர்நிலைப் பள்ளிகளில் சோதித்தார்கள். சுவர் இதழ், குறைப்பெட்டி, கொடுமைப்படுத்தலுக்கு எதிரான விதிகள், தனி ஆலோசனை என்று வேலைகள் ஒன்றேதான்; நடத்துபவர் மட்டும் வேறு. பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர் நடத்திய பள்ளிகளில் மனச்சோர்வும் அடிதடியும் குறைந்தன. ஆசிரியரே நடத்திய இடங்களில் மாற்றம் தெரியவில்லை. ஆசிரியரைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. ரிவிஷன் டெஸ்ட் பேப்பர் கட்டு மேஜையில் இருக்கும்போது யாருக்கு நேரம்? மார்க் போடுகிறவரிடம் வீட்டுச் சண்டையைச் சொல்லப் பிள்ளைகளும் தயங்குவார்கள்.

குறைப்பெட்டியை ஹெச்.எம். அறை வாசலில் மாட்டினால் காலியாகவே கிடக்கும். யார் போடுகிறார்கள் என்று எல்லோர் கண்ணிலும் படுமே! படிக்கட்டுத் திருப்பம் மாதிரி ஆள் நிற்காத இடம் பாருங்கள். வாரத்தில் ஒரே கிழமையில் திறந்து, எடுத்த நடவடிக்கையைப் பெயர் சொல்லாமல் பிரேயரில் அறிவிக்க வேண்டும். கையெழுத்தை ஒப்பிட்டு எழுதியவரைத் தேடினால் அன்றோடு பெட்டி செத்தது. 'பொண்ணுங்க பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் இல்லை' என்று சீட்டு வரும். மனநலத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று ஒதுக்காதீர்கள். தாழ்ப்பாள் போட்ட பிறகுதான் கனமான சீட்டுகள் விழத் தொடங்கும்.

எல்லோருக்கும் தியான வகுப்பு வைத்தால் போதும் என்ற நம்பிக்கையும் உண்டு. பிரிட்டனில் 85 பள்ளிகளில் 'மைண்ட்ஃபுல்னஸ்' என்னும் மனக்கவனத் தியானப் பயிற்சியைச் சோதித்த ஆய்வு 2022-இல் வெளிவந்தது. வழக்கமான வகுப்புகளைவிடக் கூடுதல் பலன் ஒன்றும் கிடைக்கவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பயிற்சி செய்யவே இல்லை.

கேள்வித்தாள் கொடுத்து மனச்சோர்வைக் கண்டறியும் ஆர்வம் இப்போது கூடியிருக்கிறது. தாளை நீட்டுவதற்கு முன்பே மாவட்ட மனநலத் திட்டக் குழுவின் தொடர்பு, ஓ.பி. நாள், பிள்ளையுடன் போகப்போவது யார் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். தற்கொலை எண்ணம் பற்றிய கேள்விக்கு 'ஆம்' என்ற தாளை அன்றைக்கே பார்த்து, அன்றைக்கே தனியாகப் பேச வேண்டும். திங்கட்கிழமை பார்க்கலாம் என்று பீரோவில் பூட்டி வைப்பது ஆபத்து.

ஒரு மாணவர் தற்கொலையால் இறந்துபோனால் 'கோழைத்தனம்' என்று மைக்கில் கண்டிப்பதும், எப்படி நடந்தது என்று விவரிப்பதும் கூடாது. நெருங்கிய நண்பர்களைத் தனியாக அழைத்துப் பேசுங்கள்.

24 மணி நேரமும் இயங்கும் அரசின் இலவச மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ பேனரில் போடுவதைவிட அடையாள அட்டையின் பின்பக்கம் அச்சிடுங்கள். அதற்கு முன் நீங்களே ஒருமுறை அழைத்து, தமிழில் பேச எந்த எண்ணை அழுத்துவது என்று பார்த்து அதையும் சேர்த்து அச்சிடுங்கள்.