லினக்ஸ் போட்ட பிறகு: பழுது எது, பிடிக்காதது எது?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வீட்டிலும் கடையிலும் ஓடிக்கொண்டிருக்கும் பல லேப்டாப்களுக்கு அந்தத் தகுதி கிடையாது. அதனால் இப்போது "லினக்ஸ் போட்டுக் குடுங்கண்ணா" என்று கேட்டு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள்.

விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை இயக்கும் இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் (ஓஎஸ்) லினக்ஸ். நம் ஊருக்கு அது ஒன்றும் புதுசு இல்லை. 2011-இல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் உருவாக்கியது அது. பலர் அதைத் திறந்தே பார்க்கவில்லை. அந்த இடத்தை அழித்துவிட்டுப் படம் ஏற்றி வைத்துக்கொண்டார்கள். அது வேறு கதை.

லினக்ஸ் போட்டுக்கொண்டு போனவர்கள் ஒரு வாரத்தில் சொல்லும் குறைகளைக் கேட்டால் அதில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கும். ஒன்று பழுது: வைஃபை வரவில்லை, சத்தம் இல்லை, மூடித் திறந்தால் திரை கறுப்பாகவே இருக்கிறது. இன்னொன்று பிடிக்காதது: பட்டன் இடம் மாறியிருக்கிறது, எழுத்து சின்னதாகத் தெரிகிறது, மெனு பழைய மாதிரி இல்லை. தவறுகள் பெரும்பாலும் இந்த இரண்டையும் குழப்புவதில்தான் ஆரம்பிக்கின்றன. பிடிக்காத மெனுவுக்காக ஓஎஸ்ஸையே அழித்துவிட்டு வேறொன்று போடுவார்கள். சரிசெய்யக்கூடிய பழுதையோ "லினக்ஸ்னா இப்படித்தான் இருக்கும்" என்று மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்வார்கள்.

எதைப் போடுவது என்பதிலேயே முதல் சறுக்கல்

கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் போய் "எது நல்ல மாம்பழம்?" என்று கேட்டால் "சாப்பிடவா, கூழுக்கா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். கூழ் ஆலைக்குப் பெங்களூரா, வீட்டில் நறுக்கிச் சாப்பிட அல்போன்சா. லினக்ஸ் வகைகளும் அப்படித்தான். எதற்கு என்று முதலில் முடிவு செய்ய வேண்டும்.

எஞ்சினியரிங் மாணவர்களிடம் அடிக்கடி பார்ப்பது காலி லினக்ஸ். அதன் டிராகன் வால்பேப்பரைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். அது நெட்வொர்க் பாதுகாப்பைச் சோதிக்கிறவர்களுக்கான கருவிப்பெட்டி. லினக்ஸே புதிது என்கிறவர்களுக்கும், அன்றாட டெஸ்க்டாப்பாகப் பயன்படுத்த நினைப்பவர்களுக்கும் இது ஏற்றதல்ல என்று அதை உருவாக்குபவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் போட்டுவிட்டு ஆன்லைன் வகுப்பில் மைக் வேலை செய்யவில்லை என்று புலம்புவதில் அர்த்தம் இல்லை.

உபுண்டு வகையை எடுத்தால் நீண்ட கால ஆதரவுள்ள எல்டிஎஸ் பதிப்பாகப் பார்த்து எடுங்கள். அது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏப்ரலில் வரும், ஐந்து வருடம் ஆதரவு உண்டு. இடையில் வரும் பதிப்புகளுக்கு ஒன்பது மாதம்தான். லினக்ஸ் மின்ட் 22 வரிசை உபுண்டு 24.04-ஐ அடிப்படையாகக் கொண்டது, 2029 வரை ஓடும். விண்டோஸிலிருந்து வருகிறவர்களுக்கு நான் மின்ட்டைத்தான் சொல்வேன். இதுவும் என் விருப்பம்தான், சட்டம் இல்லை.

பென்டிரைவிலேயே பார்த்துவிட வேண்டியவை

இன்ஸ்டால் செய்யாமலே பென்டிரைவிலிருந்து முழு ஓஎஸ்ஸையும் ஓட்டிப் பார்க்கலாம் என்பது லினக்ஸின் பெரிய வசதி. அதைப் பயன்படுத்தாமல் நேராக இன்ஸ்டால் ஐகானை அழுத்துகிறார்கள். வைஃபை, சத்தம், கேமரா, திரை வெளிச்சம், மூடித் திறந்தால் விழிக்கிறதா, இதையெல்லாம் அங்கேயே சோதித்துவிடலாம். வைஃபை மட்டும் வரவில்லையென்றால் பயப்பட வேண்டாம். போனை கேபிளில் செருகி யுஎஸ்பி டெதரிங் போட்டால் இன்டர்நெட் வந்துவிடும். இன்ஸ்டால் செய்த பிறகும் அப்படியே இணைத்து, டிரைவர் மேனேஜரைத் திறந்து, வைஃபை கருவியை இயக்கத் தேவையான டிரைவர் மென்பொருளை இறக்கிக்கொள்ளலாம்.

'எரேஸ் டிஸ்க்' என்று வரும் இடத்தில் மட்டும் கை நிதானமாக இருக்கட்டும். அது விண்டோஸை மட்டும் அழிக்கிற பட்டன் இல்லை. டி டிரைவில் இருக்கும் கல்யாண போட்டோ உட்பட அந்த டிஸ்க்கில் இருப்பது எல்லாமே போய்விடும்.

விண்டோஸையும் வைத்துக்கொண்டு இரண்டும் ஓட்டுகிறவர்களுக்கு இரண்டு வேடிக்கைகள் காத்திருக்கும். விண்டோஸுக்குத் திரும்பினால் மணி ஐந்தரை மணி நேரம் பின்னால் போயிருக்கும். மதர்போர்டில் உள்ள கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கிறது. விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படித்துக்கொள்கிறது. நம் நேரத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த ஐந்தரை மணி. இதற்காகக் கடையில் கொடுத்து, அந்தக் கடிகாரத்துக்கான சிமாஸ் பேட்டரியை மாற்றுகிறவர்கள் உண்டு, பாவம். லினக்ஸையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்ற, கட்டளை அடிக்கும் டெர்மினலில் ஒரு வரி போதும்.

இன்னொன்று, விண்டோஸ் டிரைவில் லினக்ஸிலிருந்து எதையும் சேமிக்க முடியவில்லை என்பது. விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' ஆன் ஆகியிருந்தால், ஷட்டவுன் செய்தாலும் அது முழுதாக மூடாமல் பாதி உறக்கத்தில்தான் இருக்கும். அந்த நிலையில் எழுதினால் டேட்டா கெட்டுவிடும் என்பதால் லினக்ஸ் படிக்க மட்டும் அனுமதிக்கிறது. விண்டோஸில் போய் அதை அணைத்துவிடுங்கள். லினக்ஸ் பக்கம் வலுக்கட்டாயமாகத் திறக்கும் வழிகளைத் தேட வேண்டாம்.

என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. நம்பகமான மென்பொருளை மட்டும் ஏற்ற விடும் செக்யூர் பூட் ஆனில் இருந்தால், டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கும். அடுத்த முறை ஆன் செய்யும்போது நீலத்திரை ஒன்று வரும். வைரஸ் என்று நினைத்து அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். 'என்ரோல் மோக்' என்பதைத் தேர்ந்தெடுத்து அந்தப் பாஸ்வேர்டைக் கொடுத்தால்தான் டிரைவர் ஏறும்.

பாஸ்வேர்டு சரி, ஆனால் உள்ளே விடமாட்டேன் என்கிறது

அதிகம் பேரை மறுபடி இன்ஸ்டால் செய்ய வைப்பது இந்தக் கோளாறுதான். பாஸ்வேர்டு போடுகிறீர்கள், திரை ஒரு நொடி கறுத்து, திரும்ப அதே பாஸ்வேர்டு பெட்டிக்கே வந்து நிற்கிறது. பாஸ்வேர்டு தப்பு என்றும் சொல்லாது.

காவேரிப்பட்டணத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒரு தம்பி இப்படித்தான் லேப்டாப்போடு வந்தான். "அண்ணா, எல்லாம் போச்சு, ஃபார்மட் பண்ணிடலாமா?" என்றான். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினோம். கறுப்புத்திரையில் பெயர் கேட்டது. கொடுத்தோம். பாஸ்வேர்டு அடிக்கும்போது நட்சத்திரம்கூடத் தெரியாது. கீபோர்டே செத்துவிட்டது என்று அவன் நினைத்துக்கொண்டான். அடித்து என்டர் தட்டினால் உள்ளே போய்விட்டது. டிஸ்க்கில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்டால் நூறு சதவீதம் நிரம்பியிருந்தது. டெஸ்க்டாப் தொடங்கும்போது சில சின்னக் கோப்புகளை எழுத வேண்டும், அதற்கு இடமில்லாமல் திரும்பிவிடுகிறது. கறுப்புத்திரையில் நுழைய அப்படிக் கோப்புகளை எழுதியே ஆக வேண்டியதில்லை, அதனால் அது வேலை செய்தது.

இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது டைம்ஷிஃப்ட் என்ற பேக்கப் புரோகிராம். சின்ன எஸ்எஸ்டியில், அதே டிஸ்க்கிலேயே தினமும் சிஸ்டத்தைப் படியெடுத்து வைத்திருந்தது. பழையவற்றை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்ததும் பழையபடி திறந்தது. இதில் இன்னொரு தவறும் ஒளிந்திருக்கிறது. அவன் அத்தனை நாளும் கல்யாண போட்டோக்களும் அதில் பத்திரமாக இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தான். டைம்ஷிஃப்ட் சிஸ்டம் கோப்புகளைத்தான் காப்பாற்றும். நாமாகச் சேர்த்தால் ஒழிய, நம் கோப்புகள் இருக்கும் ஹோம் ஃபோல்டரைத் தொடாது. போட்டோவுக்குத் தனி ஹார்டு டிஸ்க்கில் காப்பி வேண்டும்.

இதே கோளாறு வேறு காரணத்தாலும் வரும். சாதாரணப் புரோகிராம்களையும், நிர்வாகி அதிகாரம் தரும் சூடோ கட்டளையைப் போட்டுத் திறக்கும் பழக்கம் சிலருக்கு. அப்படித் திறந்தால் ஹோம் ஃபோல்டரில் உள்ள சில கோப்புகள் ரூட் என்ற நிர்வாகிக் கணக்கின் பெயருக்கு மாறிவிடும், பிறகு நம் வீட்டுக் கதவு நமக்கே திறக்காது. 'பெர்மிஷன் டினைட்' என்று வந்தவுடன் எல்லாவற்றுக்கும் 777 அனுமதி, அதாவது யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்ற அனுமதி, கொடுப்பது இதைவிட மோசம். அதை சிஸ்டம் ஃபோல்டர்கள் மேல் பிரயோகித்தால் சூடோவே வேலை செய்யாமல் போகும்.

எங்கே பழுது என்று கண்டுபிடிக்காமல் எதையும் மாற்றக் கூடாது. முதலில் புதிதாக ஒரு யூசர் கணக்கு உருவாக்கி அதில் நுழைந்து பாருங்கள். அங்கே கோளாறு இல்லையென்றால் ஓஎஸ் நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் ஹோம் ஃபோல்டரில் மறைந்திருக்கும் செட்டிங்ஸில்தான் சிக்கல். அந்த ஃபோல்டரைத் திறந்து கன்ட்ரோல், எச் அழுத்தினால் அவை தெரியும். சந்தேகப்படும் ஃபோல்டரை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றி வைத்தால் புதிய செட்டிங்ஸ் தானாக உருவாகும். புதுக் கணக்கிலும் அதே கோளாறு என்றால், ஆன் ஆகும்போது எஸ்கேப்பையோ ஷிஃப்ட்டையோ அழுத்தி, எந்த ஓஎஸ்ஸில் போவது என்று கேட்கும் கிரப் மெனுவுக்கு வந்து, 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' வழியாகப் பழைய கெர்னலில் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) போய்ப் பாருங்கள். அதில் சரியாக ஓடினால் அண்மையில் வந்த அப்டேட்தான் காரணம். அதிலும் இல்லையென்றால் பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் சத்தம் வரவில்லை என்றால், ஸ்பீக்கரையோ டிரைவரையோதான் பார்க்க வேண்டும். இந்தச் சோதனைகளுக்கு அரை மணி நேரம் போதும். ஃபார்மட் செய்து எல்லாவற்றையும் திரும்பப் போட ஒரு நாள் போகும்.

அப்டேட் ஓடும்போது

வேறொரு புரோகிராம் பூட்டி வைத்திருக்கிறது என்று மெசேஜ் வந்தால், பின்னணியில் அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும். டீ குடித்துவிட்டு வரலாம். அந்தப் பூட்டுக் கோப்பை அழித்துவிடச் சொல்லும் யோசனைகளைக் கேட்காதீர்கள். பென்னாகரம், அரூர் பக்கம் கரன்ட் திடீரென்று போவது தெரிந்ததுதான். யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பிலும், பேட்டரி செத்த லேப்டாப்பிலும் பெரிய அப்டேட்டைத் தொடங்க வேண்டாம். பாதியில் நின்றுவிட்டால் ரெக்கவரி மெனுவில் டிபிகேஜி என்று ஒரு வரி இருக்கும், பாதியில் விட்ட வேலையை அது முடித்துவிடும்.

சிஸ்டத்தோடு வந்த பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியை "பழைய வெர்ஷன்" என்று நீக்கிவிடாதீர்கள். டெஸ்க்டாப்பில் பாதி அதை நம்பித்தான் நிற்கிறது. லாக் கோப்பில் சிவப்பாகத் தெரியும் ஒவ்வொரு வரியையும் சரிசெய்யக் கிளம்புவதும் வீண். நன்றாக ஓடும் கணினியிலும் அப்படிச் சில வரிகள் இருக்கும்.

ரேம் நிரம்பியே காட்டுகிறது என்பதும் பழுது இல்லை. சும்மா கிடக்கும் ரேமை லினக்ஸ் கோப்புகளைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளப் பயன்படுத்தும், கேட்டால் விட்டுக்கொடுக்கும். 'அவெய்லபிள்' என்ற எண்ணைப் பாருங்கள். பழைய ஹார்டு டிஸ்க் உள்ள லேப்டாப் மெதுவாக இருந்தால், ஓஎஸ் வகையை மாற்றுவதைவிட எஸ்எஸ்டி மாற்றுவது பலன் தரும்.

உங்கள் இஷ்டப்படி

விருப்பத்துக்கு மாற்றுவதில் தவறே இல்லை. ஆனால் ஒரே இன்ஸ்டாலில் சின்னமன், க்னோம், கேடிஇ என்ற மூன்று டெஸ்க்டாப் வகைகளையும் ஏற்றி வைத்தால் ஒரே வேலைக்கு மூன்று புரோகிராம்கள் மெனுவில் நிற்கும், தீம்களும் ஒன்றோடொன்று மோதும். பிடித்ததைப் பென்டிரைவில் பார்த்துவிட்டு ஒன்றையே வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள், அப்போதுதான் எது கெடுத்தது என்று தெரியும்.

தமிழ்த் தட்டச்சில் வரும் புகார்கள் பெரும்பாலும் பழக்கம் சார்ந்தவைதான். தட்டச்சு முறைகளைக் கையாளும் ஐபஸ் புரோகிராமில் எம்17என் தொகுப்பைப் போட்டால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, பழைய டைப்ரைட்டர் மூன்று முறைகளும் கிடைக்கும். டைப்ரைட்டர் முறையில் இருபது வருடம் அடித்த பத்திர எழுத்தரைத் தமிழ்99-க்கு மாறச் சொல்லி வற்புறுத்துவது நியாயமில்லை. ஓசூரில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் அடிக்கிறவர்கள் மூன்றையும் ஒரே பட்டியலில் சேர்த்துக்கொண்டு, ஒரே குறுக்குவிசையில் மாற்றிக்கொள்ளலாம். பழைய பாமினி, வானவில் கோப்புகள் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறந்தால் அது லினக்ஸின் குறை இல்லை. அவை இப்போதைய பொது எழுத்துமுறையான யூனிகோடில் அமையாத பழைய எழுத்துருக்கள். மாற்றியில் கொடுத்து யூனிகோடாக்கிக்கொள்ள வேண்டும்.

சிலர் மாறாமல் இருப்பதே நல்லது. டேலியில் கணக்கு எழுதும் கடைக்காரருக்கு அது விண்டோஸ் மென்பொருள். ஆதார் கைரேகைக் கருவி வைத்திருப்பவர்களுக்கு, அதற்கான ஆர்டி சர்வீஸ் மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸுக்கும் ஆண்ட்ராய்டுக்கும்தான் வருகிறது. பிரின்டரையும் முன்பே பாருங்கள். எச்பி லேசர்ஜெட் 1020 வேலை செய்யும், ஆனால் எச்பிலிப் என்ற டிரைவர் தொகுப்பில் கூடுதலாக ஒரு பிளகின் போட வேண்டும். கேனான் எல்பிபி 2900 தனக்கென்று ஒரு மொழி பேசும் பிரின்டர், அதை லினக்ஸில் ஓட்டப் பொறுமை வேண்டும்.

இவ்வளவும் பார்த்தும் ஓடவில்லை, யாரிடமாவது கேட்கப் போகிறீர்கள் என்றால் "ஒர்க் ஆகல" என்று மட்டும் அனுப்பாதீர்கள். திரையில் வந்த மெசேஜை அப்படியே எழுதுங்கள், கடைசியாக எதை மாற்றினீர்கள் என்பதையும் சேர்த்து. லேப்டாப் மாடல், ஓஎஸ் பதிப்பு, கார்டு விவரங்களை ஒவ்வொன்றாகத் தேட வேண்டியதில்லை. மின்ட்டில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' திரையில் காப்பி பட்டன் இருக்கிறது, அதை அழுத்தி வாட்ஸ்அப்பில் ஒட்டிவிட்டால் போதும்.