எகிப்திய வண்டு மோதிரம்: வீட்டிலேயே செய்து பார்க்கலாம்

எகிப்தியச் சாணவண்டு நகை என்றதும் பலர் முழுக்கத் தங்கமாகவே கற்பனை செய்துகொள்கிறார்கள். உண்மையில் பெரும்பாலான வண்டுகள் மாக்கல்லில் செதுக்கி, நீலமோ பச்சையோ மெருகு ஏற்றிச் சுட்டவை. வசதியானவர்களின் மோதிரத்தில் வண்டைப் பிடித்திருக்கும் கம்பி தங்கம். நமக்குப் பித்தளையே போதும்.

தேவையானவை: காற்றில் காயும் களிமண், 20 கேஜ் பித்தளைக் கம்பி 20 செ.மீ., பல்குச்சி, ஊசி, அக்ரிலிக் பெயின்ட், வார்னிஷ்.

களிமண்ணை 2 செ.மீ. நீள முட்டையாக உருட்டி மேசையில் லேசாக அழுத்துங்கள். அடி தட்டையாகவும் முதுகு மேடாகவும் வரும். உடனே தலையிலிருந்து வால்வரை பல்குச்சியைச் செலுத்தி, கொஞ்சம் ஆட்டித் துளையை அகலமாக்குங்கள். கம்பி இருமுறை அதில் போக வேண்டும். காய்ந்தபின் துளைத்தால் உடையும்.

முதுகுக்கு மூன்று கோடுகள் போதும். முன்னால் தலையைப் பிரிக்க ஒரு குறுக்குக் கோடு, நடுவில் இன்னொன்று, அங்கிருந்து பின்பக்கம்வரை இறக்கை உறைகளைப் பிரிக்க ஒரு நேர்கோடு. பக்கவாட்டில் கால்களைக் கீறுங்கள்.

அப்புறம் அடிப்பக்கம். அழகே இங்கேதான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். எகிப்தியர்கள் இதில் பெயர் பொறித்து முத்திரையாகவும் பயன்படுத்தினார்கள். 1922-இல் கண்டெடுக்கப்பட்ட கல்லறைக்குரிய எகிப்திய மன்னர் துட்டன்காமனின் அரியணைப் பெயரில் (அரசரானபோது சூட்டிக்கொண்ட பெயர்) வண்டே ஓர் எழுத்து. மேலே சூரிய வட்டம், அதன் கீழ் வண்டு, பிறகு மூன்று சிறு கோடுகள், கடைசியில் அரைவட்டக் கூடை. நான்குமே இடவலம் ஒன்றுபோல் இருப்பதால், முத்திரை குத்தினாலும் எழுத்து புரளாது. ஆரம்பிப்பவர்களுக்கு இதைவிட நல்ல பெயர் கிடைக்காது! வண்டும் சூரியனும் சேர்ந்து வருவதற்கும் காரணம் உண்டு: வண்டு சாண உருண்டையைத் தள்ளுவதுபோல கெப்ரி என்ற கடவுள் உதயசூரியனை உருட்டி வருவதாக நம்பினார்கள்.

ஓரிரு நாள், அவ்வப்போது புரட்டிக் காயவிடுங்கள். பச்சைநீலம் பூசி, அது உலர்ந்ததும் வார்னிஷ்.

கடைசியாகக் கம்பி. விரலைவிடச் சற்றே பருமனான மார்க்கர் பேனாவைச் சுற்றி வளையுங்கள். ஒரு முனையைத் தலைப்பக்கமும் மறுமுனையை வால்பக்கமும் நுழைத்து, எதிர்ப்பக்கம் வெளிவந்ததும் வளையத்தின் மீது மும்மூன்று சுற்று சுற்றி, மிச்சத்தை நறுக்கிவிடுங்கள். வண்டை ஒட்டி இறுக்காதீர்கள். விரலால் தள்ளினால் அது புரண்டு பெயர் மேலே வர வேண்டும்; வராவிட்டால் சுற்றைக் கொஞ்சம் தளர்த்துங்கள். கை கழுவும்போது மட்டும் கழற்றி வைத்துவிடுங்கள், இந்தக் களிமண்ணுக்குத் தண்ணீர் ஆகாது.