டை ராட் எண்ட் போயிடுச்சா? வீட்டு வாசல்லயே மாத்துறது எப்படி

என் பழைய ஆல்டோவுல ரெண்டு மாசமா ஒரு ரோதனை. குழியில இறங்குறப்பல்லாம் இடது பக்கம் முன்னாடி டொக்கு டொக்குன்னு சத்தம், ஸ்டியரிங்கை நேரா புடிச்சாலும் வண்டி லேசா அலைஞ்சுக்கிட்டே போகுது, ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டினா ஷாக், ஆர்ம், புஷ்னு முழ நீளத்துக்கு லிஸ்ட் போட்டு குடுத்தாங்க. வீட்டுக்கு வந்து ஜாக்கி போட்டு பாத்தா போயிருந்தது டை ராட் எண்ட் மட்டும் தான்.

அது என்னன்னு கேட்டா, ஸ்டியரிங் ரேக்ல (ஸ்டியரிங் சுத்துறதை இடம் வலமா தள்ளுற பாகம்) இருந்து வர்ற ராடையும் வீலைத் திருப்புற நக்கிளையும் கோக்குற ஒரு சின்ன பால் ஜாயிண்ட். நம்ம தோள்பட்டை மூட்டு மாதிரி கிண்ணத்துக்குள்ள குண்டு சுழலும், மேல ஒரு ரப்பர் பூட் மூடியிருக்கும். அந்த ரப்பர் கிழிஞ்சா கிரீஸ் வெளிய போயிடும், மழைத்தண்ணியும் மண்ணும் உள்ள போயிடும், அப்புறம் தேய வேண்டியது தான். தேஞ்சு தேஞ்சு ஒருநாள் கழண்டே போச்சுன்னா ஸ்டியரிங்குக்கும் அந்த வீலுக்கும் சம்பந்தமே இருக்காது, அதனால சத்தம் தானேன்னு விடாதீங்க.

முதல்ல உறுதி பண்ணிக்கோங்க. முன் வீலை தூக்கிட்டு, கடிகாரத்துல 9 மணி, 3 மணி இருக்கிற இடத்துல ரெண்டு கையையும் வச்சு முன்ன பின்ன ஆட்டுங்க, உள்ள ஒருத்தர் ஸ்டியரிங்கை புடிச்சுக்கட்டும். இதுல ஆட்டம் இருந்தா டை ராட் பக்கம் சந்தேகப்படலாம். 12க்கும் 6க்கும் வச்சு ஆட்டும்போதும் ஆடினா வீல் பேரிங்கோ லோயர் ஆர்ம் பால் ஜாயிண்டோ இருக்கலாம், அது வேற வேலை. ஜாயிண்ட் மேல விரலை வச்சுக்கிட்டு இன்னொருத்தரை வீலை ஆட்டச் சொன்னா எங்க லூசுன்னு விரலுக்கே தெரியும். ரேக் பக்கம் இருக்கிற மடிப்பு ரப்பருக்குள்ள ஆடுதுன்னா அது ரேக் எண்ட், அதுக்கு தனி டூல் வேணும், முதல் தடவை பண்றவங்க அதுல கை வைக்க வேணாம்.

பார்ட் வாங்கும்போது வண்டி மாடல், வருஷம், சேஸிஸ் நம்பர் சொல்லி வாங்குங்க. சென்னைக்காரங்களுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்க இருக்கிற ஜி.பி. ரோடு இருக்கவே இருக்கு. புதுப்பேட்டையில பழசு சல்லிசா கிடைக்கும், கண்ணாடி, பம்பர்னா எடுக்கலாம், ஸ்டியரிங் சாமான் மட்டும் பழசு வேணவே வேணாம். ஒரு பக்கம் நல்லா தேஞ்சிருந்தா இன்னொரு பக்கமும் ரொம்ப நாள் தாங்காது, ரெண்டையும் சேர்த்து மாத்திட்டா அலைன்மெண்ட் (வீல் கோணத்தை சரி பண்றது) செலவு ஒரு தடவையோட போயிடும்.

இப்ப வேலை. சமதளத்துல நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியர்ல விட்டு, பின் வீலுக்கு கல்லு வைங்க. வீல் நட்டை தரையில இருக்கும்போதே லேசா லூஸ் பண்ணிட்டு அப்புறம் தூக்குங்க. தூக்கினதும் வண்டியைத் தாங்க அடியில கட்டாயம் ஸ்டாண்ட் குடுங்க, வெறும் ஜாக்கியை நம்பி உள்ள தலையை விடக்கூடாது. கழட்டின வீலையும் வண்டிக்கு அடியில தள்ளி வச்சுடுங்க. ஜாயிண்ட் வெளிய தெரியுற பக்கமா ஸ்டியரிங்கைத் திருப்பிக்கிட்டா வசதி.

எல்லா மரையையும் வயர் பிரஷ்ல தேச்சு, டபிள்யூடி 40 அடிச்சு, ஒரு டீ குடிச்சுட்டு வாங்க, நெசமா தான் சொல்றேன், அந்த கால் மணி நேரம் ஊறினா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

வந்ததும் முதல்ல ராடுல, டை ராட் எண்ட் சுத்தாம புடிச்சிருக்கிற லாக் நட்டை கால் சுத்து மட்டும் லூஸ் பண்ணுங்க. ஜாயிண்ட் நக்கிள்ல மாட்டியிருக்கும்போதே இதை பண்ணிடணும், கழட்டினப்புறம் புடிமானம் இருக்காது. நட்டு இருந்த இடத்தை பெயிண்டால மார்க் பண்ணி, போன்ல ஒரு போட்டோவும் எடுத்துக்கோங்க.

அடுத்து ஜாயிண்டோட நட்டு கழராம குறுக்கே மாட்டியிருக்கிற ஸ்பிளிட் பின்னை நிமித்தி உருவிட்டு, அந்த கேஸ்டில் நட்டை (மேல பள்ளம் பள்ளமா வெட்டியிருக்கும்) கழட்டுங்க, ஆனா முழுசா எடுக்காம ரெண்டு மூணு மரையில நிக்கட்டும். ஏன்னா அந்த நட்டு மாட்டுற ஸ்டட் (ஜாயிண்டோட கம்பி) கூம்பு மாதிரி இருக்கும், நக்கிள் துளைக்குள்ள இறுகிப் போயிருக்கும், விடுபடும்போது டப்புனு தெறிக்கும். ஜாயிண்டை அழுத்தி வெளிய தள்ளுற புல்லர் டூல் இருந்தா நல்லது. இல்லன்னா ஸ்டட் தலையில அடிக்காதீங்க, மரை நசுங்குறது தான் மிச்சம். ஸ்டட் நுழையுற நக்கிள் காதோட பக்கவாட்டுல சுத்தியலால ஓங்கி நாலு அடி, அதிர்ச்சியிலயே விட்டுடும். பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர் இருந்தா அது மேல சுத்தியல் படாம பாத்துக்கோங்க.

இப்ப தான் முக்கியமான கட்டம். பழைய எண்டை ராடுல இருந்து சுத்திக் கழட்டும்போது எத்தனை சுத்துன்னு எண்ணி, எண்ணினதை எழுதி வைங்க. நான் முதல் தடவை பண்ணப்ப நடுவுல போன் வந்துச்சு, பேசிட்டு வந்தா பதினாறா பதினெட்டான்னு ஞாபகம் இல்ல, குத்துமதிப்பா மாட்டினேன், தெருமுனை திரும்புறதுக்குள்ள டயர் கிரீச்சுன்னு கத்துது, ஸ்டியரிங் கோணிக்கிட்டு நிக்குது. 1.5 மில்லி பிட்ச் மரையில ரெண்டு சுத்து தப்பினா ராடு நீளம் 3 மில்லி மாறிடும், வீல் ஒரு டிகிரிக்கு மேல திரும்பி நிக்கும்.

புதுசை அதே எண்ணிக்கைக்கு ஏத்துங்க. ரெண்டையும் பக்கத்துல வச்சு நீளம் ஒண்ணா இருக்கான்னும் பாத்துக்கோங்க. நக்கிள் துளையை துணியால சுத்தமா துடைங்க, கூம்புல கிரீஸ் தடவக்கூடாது, அது காஞ்சு இருந்தா தான் கவ்வும். நட்டு இறுக்கும்போது ஸ்டட்டும் சேர்ந்து சுத்துச்சுன்னா ஜாயிண்டை நக்கிளோட சேர்த்து ஜாக்கியால லேசா அழுத்திக்கிட்டு இறுக்குங்க. மேனுவல்ல போட்டிருக்கிற டார்க் (இறுக்குற அளவு) வந்ததும் ஸ்பிளிட் பின் துளை நேரா வரலன்னா இன்னும் கொஞ்சம் இறுக்கி நேராக்குங்க, திருப்பி லூஸ் பண்ணி நேராக்காதீங்க. ஸ்பிளிட் பின் எப்பவும் புதுசு. சில வண்டியில பின் இல்லாம நைலான் லாக் நட்டு வரும், அதையும் புதுசா போடுங்க.

ராடுல இருக்கிற லாக் நட்டை இறுக்கிட்டு வீலை மாட்டி, இறக்கி, எதிரெதிர் நட்டா முழுசா இறுக்குங்க. ஸ்டியரிங்கை ரெண்டு கடைசிக்கும் திருப்பி எங்கயும் இடிக்குதா, ஹோஸ் இழுக்குதான்னு பாருங்க. அப்புறம் 30க்கு மேல போகாம நேரா அலைன்மெண்ட் கடைக்கு. சுத்து சரியா எண்ணிட்டோமே எதுக்குன்னு விடாதீங்க, அந்த எண்ணிக்கை கடை வரைக்கும் போய்ச் சேர மட்டும் தான். அங்க அவங்க லாக் நட்டை லூஸ் பண்ணி தான் அட்ஜஸ்ட் பண்ணுவாங்க, முடிஞ்சதும் ரெண்டு பக்கமும் திரும்ப இறுக்கினாங்களான்னு பக்கத்துல நின்னு பாத்துட்டு காசை குடுங்க.